அன்செல்மோவின் காளையும் மார்லூசியாவின் பிராசஸரும்

உபெராபா ஊரின் அபாதியா பேட்டையில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலும் மார்லூசியாவிடம் கொண்டுபோ என்றுதான் சொல்வார்கள். அவசரமென்றால் அவளிடம் போகாதே என்றும் கூடவே சொல்லிவிடுவார்கள். பழுது பார்த்த கையோடு மெஷினைத் தூக்கிக் கொடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒரு பகல் முழுக்க அதைப் போட்டு வாட்டியெடுப்பாள். பிராசஸருக்கு ஓயாமல் கணக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். மெமரியில் எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். கிராஃபிக்ஸ் கார்டை ஒரு நிமிடம் சும்மா இருக்க விடமாட்டாள். உள்ளே இருக்கும் விசிறி அலறும், பெட்டி அடுப்புப் போலச் சுடும். அவளோ பக்கத்தில் காப்பியை வைத்துக்கொண்டு வேறொரு மெஷினின் திருகைக் கழற்றிக்கொண்டிருப்பாள்.

ரொட்டிக்கடை ஜுசாரா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள், தன் மெஷின் அவளுக்கு என்ன பாவம் செய்தது என்று.

"உங்க வீட்டுக்கு வந்து அழுறதை இங்கயே அழுது தீர்க்கட்டும்க்கா," என்றாள் மார்லூசியா.

இது அவள் பிழைப்பு. இதற்கு மேல் அவளுக்கு ஒரு பித்து உண்டு. அதற்குக் காரணம் அவள் புருஷன் நிவால்டோ என்று சொன்னால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

நிவால்டோ மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். அந்த ஊரில் பாதிப்பேர் ஏதோ ஒரு விதத்தில் மாட்டை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். உயர்சாதிக் காளைகளின் விந்தை மெல்லிய குழாய்க் குச்சிகளில் அடைத்து, பால்கேன் மாதிரியான அலுமினியக் குடுவைகளுக்குள் திரவ நைட்ரஜனில் மூழ்கடித்து வைத்திருப்பான். அந்தக் குளிரில் எத்தனை வருஷமானாலும் விந்து கெடாது. நைட்ரஜன் மட்டும் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். அவனிடம் பெரிய குடுவை ஒன்று, அதில் பல பண்ணைக்காரர்களின் குச்சிகள். அடுத்து ஒரு சின்னக் குடுவை, அவசரத்துக்கென்று நைட்ரஜன் மட்டும் நிரப்பி வைத்திருப்பது.

கல்யாணமான புதிதில் மார்லூசியா எதையோ படித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. பிராசஸரை எவ்வளவு விரட்டுகிறோமோ அவ்வளவு சூடாகும், சூடானால் திணறி நின்றுவிடும். ஆனால் கொடுங்குளிரில் வைத்தால், செய்தவன் நினைத்துப் பார்க்காத வேகத்துக்கெல்லாம் அதை விரட்டலாம். உலகத்தில் பல ஊர்களில் ஆட்கள் இதைப் போட்டியாகவே நடத்துகிறார்கள். பிராசஸர் மேல் செம்புக் குவளை ஒன்றைப் பொருத்தி, அதில் திரவ நைட்ரஜனை ஊற்றி, ஒரே கணக்கை யார் மெஷின் சீக்கிரம் முடிக்கிறது என்று பார்க்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அந்த நைட்ரஜனைத் தேடி அலைகிறார்கள். அவள் வீட்டிலோ அது துணி துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் புருஷனிடம் போய், பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்பதைப் போல, ஒரு டம்ளர் தருகிறாயா என்று கேட்டாள்.

அதிலிருந்து, லாரி வரப்போகிற வாரத்தில் சின்னக் குடுவையில் மிச்சமிருப்பது அவளுடையது என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது.

இந்தப் போட்டியில் ஒரு நல்ல விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு ரக பிராசஸருக்கும் தனித்தனிப் பட்டியல். பழைய ரகத்தில் முதலாவதாக வருகிறவரும் முதலாவதுதான். மார்லூசியாவிடம் புதுசு வாங்க வசதி இல்லை, ஆனால் பழசு அவளைத் தேடி வரும். பத்திரப்பதிவு அலுவலகம் ஒன்று தன் பழைய மெஷின்களை மொத்தமாகக் கழித்துக்கட்டியபோது அவள்தான் போய் அள்ளிக்கொண்டு வந்தாள். எல்லாம் ஒரே மாதிரி, ஒரே வருஷத்துப் பிராசஸர்கள். ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தாலும் உள்ளுக்குள் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தி, வாட்டி, எது குறைந்த மின்சாரத்தில் தாக்குப்பிடிக்கிறது, எது சீக்கிரம் தளர்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். மற்றதெல்லாம் சுமார். ஒன்று மட்டும், எவ்வளவு வேலை கொடுத்தாலும் மூச்சு வாங்காமல் நின்றது. முதலில் தெர்மாமீட்டரில்தான் கோளாறு என்று நினைத்தாள். மாற்றிப் பார்த்தாள், அப்படியேதான் இருந்தது. தன் நகப்பூச்சை எடுத்து அந்தப் பிராசஸரின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில், அந்த ரகத்துக்கென்றே, தென் அமெரிக்கக்காரர்களுக்கு மட்டும் ஒரு மாதப் போட்டி அறிவித்தார்கள். 'பை' என்ற எண்ணைக் கோடிக்கணக்கான தசம இடங்களுக்குக் கணக்கிட வேண்டும். சீக்கிரம் முடிக்கிறவருக்கு முதலிடம். பரிசு ஒன்றும் பெரிதில்லை, ஒரு மதர்போர்டும் ஒரு சட்டையும். முதலிடத்தில் எசெக்கியேல் இருந்தான். அர்ஜென்டினாவில், கோர்தோபாவில் பல் டாக்டர். நேரில் பார்த்ததில்லை என்றாலும் ஆறேழு வருஷமாக இருவரும் எழுத்தில் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள். இரண்டாம் வாரத்தில் அவன், உன் மெஷினுக்கு வேர்ச் சிகிச்சை தேவைப்பட்டால் சொல், கைராசிக்காரன் நான், என்று எழுதியிருந்தான். அவள் நான்காவது இடத்தில் இருந்தாள்.

போட்டியின் கடைசி நாள், ஞாயிறு. அன்றிரவு பட்டியல் மூடிவிடும். பகல் சாப்பாட்டுக்கு நிவால்டோ வெண்டைக்காய் போட்ட கோழிக் குழம்பும் சோளமாவுக் களியும் செய்திருந்தான். சாப்பிட்டதும் இருவருமாகப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் மேசையைப் போட்டார்கள். மூடிய அறையில் நைட்ரஜனைக் கொட்டினால் மூச்சுமுட்டும் என்பதால் எப்போதும் அங்கேதான். பெட்டி இல்லாமல் வெறும் மதர்போர்டு, அதன் மேல் செம்புக் குவளை, குவளையைச் சுற்றிக் கெட்டியாகக் காகிதத் துண்டு. குளிரில் வியர்த்து ஈரம் இறங்கிவிடாமல் இருக்க போர்டு முழுக்க வாசலின் தடவியிருந்தாள். பார்க்கிறவர்களுக்குக் காயத்துக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருக்கும்.

முன்பு ஒருமுறை இந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் அன்செல்மோ சிரித்தார். போன்தே அல்த்தா போகிற சாலையில் அவருக்குப் பண்ணை. கறவைக்கென்றே வளர்க்கும் கீர் இன மாடுகள். நிவால்டோவைத் தேடி வந்தவர் தாழ்வாரத்தில் புகை எழுவதைக் கண்டு எட்டிப் பார்த்தார். காளை விந்துக்கு வேண்டியதை ஒரு தகடு குடிக்கிறது என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டிக்கொண்டார்.

"ஏம்மா, இதுக்கு ஊத்துறியே, இது கன்னு போடுமா?"

அவரைவிட அவளுக்கு முப்பது வயது குறைவு. புருஷனுக்கு அவர் முக்கியமான ஆள். ஆகவே அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்குள் நாலு நாள் கசந்தது.

நிவால்டோ சின்னக் குடுவையைச் சாய்த்து ஸ்டீல் பிளாஸ்க்கில் நிரப்பிக் கொடுத்தான். அவள் குவளையில் ஊற்றத் தொடங்கினாள். முதலில் கொதித்துச் சீறியது. வெள்ளைப் புகை மேசையிலிருந்து வழிந்து தரையில் பரவியது. நாய் எழுந்து கொய்யா மரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. தெர்மாமீட்டரில் எண்கள் சரசரவென்று இறங்கி, மைனஸ் நூற்றி எண்பத்தைந்தில் நின்றன. மெஷின் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உயிர் பெற்றது. சில பிராசஸர்கள் அந்தக் குளிரில் எழுந்திருக்கவே மறுக்கும். பொட்டு வைத்தது அப்படி இல்லை. அதனால்தான் அவளுக்கு அதன்மேல் அத்தனை நம்பிக்கை. எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்றே இருந்தாள்.

எசெக்கியேலைத் தாண்டுவதற்கு என்ன வேகம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதை வைத்தாள், கணக்கை ஓட்டினாள். பாதி தாண்டியதும் திரை அப்படியே உறைந்து நின்றது. மின்சாரத்தை ஒரு சொட்டு கூட்டி மறுபடி ஓட்டினாள். அதே இடத்தில் நின்றது. மெமரியின் வேகத்தைக் குறைத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. நிவால்டோ பிளாஸ்க்கை நிரப்பி நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் யாரோ கால்பந்து ஆட்டத்தை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குடுவையில் பாதி தீர்ந்திருந்தது.

அப்போது அவன் போன் அடித்தது.

அவன் எழுந்து வேலியோரம் போய் நின்று பேசினான். அதிகம் கேட்டான், கொஞ்சம்தான் பேசினான். பேசி முடித்த பிறகும் திரும்பி வராமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மார்லூசியா திரையைப் பார்த்தபடிதான் இருந்தாள். ஆனாலும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"யாரு?"

"அன்செல்மோ ஐயா. நீ பாரு, அப்புறம் சொல்றேன்."

"இப்பவே சொல்லு."

அவன் சொன்னான். அன்செல்மோவின் குடுவை காலையிலிருந்து வியர்க்கிறது. கழுத்தைச் சுற்றிப் பனி பூத்திருக்கிறது. அதன் இரட்டைச் சுவருக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் எங்கோ காற்று புகுந்துவிட்டது, இனி அது எதையும் தாங்காது. ஞாயிறு என்பதால் நைட்ரஜன் கிடங்கு மூடியிருக்கிறது. ஊரில் இந்த வேலை செய்கிற இன்னொருவன் மாட்டுக் கண்காட்சிக்கு வெளியூர் போயிருக்கிறான். அந்தக் குடுவைக்குள் இருப்பது, போன ஆகஸ்டில் பாம்பு கடித்துச் செத்த அவருடைய காளையின் குச்சிகள். வேறெங்கும் இல்லை.

"உன் பெரிய குடுவையில போட முடியாதா?"

"அதுல இடமே இல்ல மார்லூ. எல்லாம் ரொம்பி இருக்கு."

அப்படியானால் சின்னக் குடுவைதான். லாரி வர செவ்வாய் ஆகும். அதுவரை குச்சிகள் மூழ்கியிருக்க வேண்டுமென்றால், மிச்சமிருப்பது அத்தனையும் அதற்குள் இருந்தாக வேண்டும். பிளாஸ்க்கில் இருப்பதும் சேர்த்து. இந்தக் கணக்கு இருவருக்குமே சொல்லாமல் புரிந்தது.

"நீ முடிச்சிடு," என்றான் நிவால்டோ. "அரை மணி நேரம் தாங்கும்னு நினைக்கிறேன்."

"எவ்ளோ இருக்குன்னாரு?"

"ரெண்டு விரக்கடை."

"அங்க போகவே அரை மணி நேரம் ஆகும்."

அவள் செம்புக் குவளையைப் பார்த்தாள். நைட்ரஜன் அதற்குள் சின்னச் சின்னக் குமிழாகக் கொதித்துக்கொண்டிருந்தது. இந்த மாதம் முழுக்க இந்த ஒரு மதியத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஒன்றுக்கும் உதவாத ஒரு விஷயத்தில் முதலாவதாக வந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை. நிவால்டோவிடம்கூடச் சொன்னதில்லை, ஆனால் அவனுக்குத் தெரியும். அதனால்தான் வேலியோரமே நின்றான்.

"குடுவையைக் கொண்டா," என்று பிளாஸ்க்கை எடுத்தாள். "திருப்பி ஊத்திடறேன்."

"மார்லூ..."

"ஊத்தறப்ப பேசாத. சிந்தும்."

பிளாஸ்க்கை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடுவைக்குள் கவிழ்த்தாள். நிவால்டோ அதைப் பிக்கப் வண்டியின் பின்தட்டில் நிமிர்த்தி நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டினான். கிளம்பும்போது ஏதோ சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்கும்போல, கண்ணாடியை இறக்கினான். அவள் கையை அசைத்துப் போ என்றாள்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகு தாழ்வாரம் அமைதியாக இருந்தது. எல்லாவற்றையும் பிரித்து வைக்கலாம் என்றால், குவளை இன்னும் தொட முடியாத குளிரில் இருந்தது. தானாகச் சூடேறட்டும் என்று காப்பியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மனம் கனமாகத்தான் இருந்தது. அன்செல்மோவின் மேல் கோபம் வருமா என்று பார்த்தாள், வரவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மெஷினை அணைக்கவில்லை. குவளையில் கடைசி நைட்ரஜனும் கொதித்துத் தீர்ந்ததும் தெர்மாமீட்டர் ஏறத் தொடங்கியது. மைனஸ் நூற்றி எழுபது, மைனஸ் நூற்றி அறுபது. கனமான செம்பு, சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. வழக்கமாக இந்த நேரத்தில் அவள் பதறிக்கொண்டு அடுத்த பிளாஸ்க்கைக் கவிழ்ப்பாள். நைட்ரஜன் அளந்து கிடைக்கிறவளுக்குக் குளிரை வீணாகத் தணியவிட்டு வேடிக்கை பார்க்க ஏது நேரம்? இன்று வேறு வேலை இல்லாததால் பார்த்துக்கொண்டிருந்தாள். மைனஸ் நூற்றி முப்பதை நெருங்கியபோது, கை சும்மா இருக்காமல், அதே வேகத்தில் கணக்கை ஓட்டிவிட்டாள்.

பாதி வந்தது. உறையவில்லை. அவள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். முக்கால் வந்தது. வானொலியில் யாரோ கோல் போட்டான், தெருவே கத்தியது, அவள் திரும்பவில்லை. கணக்கு முடிந்து, எண் திரையில் வந்து நின்றது.

இரண்டாவது இடம். எசெக்கியேலுக்கும் அவளுக்கும் இடையே அரை வினாடிகூட இல்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பொட்டு வைத்த பிராசஸர் அடிமட்டக் குளிரில் எழுந்திருக்கும், நடக்கும், ஆனால் ஓடாது. ஓடுவதற்கு அதற்கு இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டியிருந்திருக்கிறது. இத்தனை நாளாக அவள்தான் அதை விறைக்கவைத்துக்கொண்டிருந்தாள். அவசரமாக வேகத்தை இன்னும் ஒரு படி கூட்டி மறுபடி ஓட்டினாள். ஆனால் அதற்குள் செம்பு மைனஸ் நூறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. இந்த முறை சூடு போதாமல் அல்ல, குளிர் போதாமல் நின்றது. இரண்டு லிட்டர் நைட்ரஜன் இருந்திருந்தால் போதும். ஒன்றரைகூடப் போதும்.

திரையைப் படம் பிடித்து இரண்டாவது இடத்துக்கான எண்ணைப் போட்டியின் இணையப் பக்கத்தில் பதிந்தாள். சற்று நேரத்தில் எசெக்கியேலிடமிருந்து செய்தி வந்தது.

"எங்கேருந்து குதிச்ச நீ? எவ்ளோ குளிர்ல ஓட்டின?"

"நாளைக்குச் சொல்றேன்," என்று எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவனிடம் நைட்ரஜன் இருந்தது, நேரமும் இருந்தது. இன்றைக்கே சொல்கிற அளவுக்கு அவள் நல்லவள் இல்லை.

வெயில் சாயும்போது நிவால்டோ திரும்பி வந்தான். பின்தட்டில், குடுவையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அன்செல்மோ உட்கார்ந்திருந்தார். குச்சிகளைத் தனியாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லையாம். வழியெல்லாம் புழுதி தின்று தொப்பி செம்மண் நிறமாகியிருந்தது. நிவால்டோ போய்ச் சேர்ந்தபோது பழைய குடுவையில் ஒரு விரல்கூட நைட்ரஜன் இல்லை என்றும், ஐயா குச்சிகளைத் தொடவே பயந்ததால் இவனே எல்லாவற்றையும் மாற்றினான் என்றும் பிற்பாடு சொன்னான். குச்சிகள் உயிரோடு இருக்கின்றனவா என்பது நாளைக்கு ஒன்றை உருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

குடுவையைத் தொட்டிக்குப் பக்கத்தில் அதன் இடத்தில் வைத்த பிறகும் அன்செல்மோ போகவில்லை. வாழையிலையில் சுற்றிய ஒரு பாலாடைக்கட்டியை மேசையின் ஓரத்தில் வைத்தார். பிறகு ஈரம் சொட்டிக்கொண்டிருந்த செம்புக் குவளையைப் பார்த்தார்.

"இவன் பண்ணைக்கு வந்தப்ப சொன்னான், நான்தான் உன் வேலையைக் கெடுத்தேன்னு."

"அப்படி நான் சொல்லல," என்றான் நிவால்டோ.

"நீ சொல்லல, உன் மூஞ்சி சொல்லுச்சு." அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இது என்னதான்மா பண்ணுது? புரியற மாதிரி சொல்லு."

மார்லூசியாவுக்கு விளக்கம் சொல்லும் தெம்பு இல்லை. பிராசஸர், வேகம், பை என்று தொடங்கினால் ராத்திரி ஆகிவிடும். சட்டென்று தோன்றியதைக் கேட்டாள்.

"கண்காட்சியில கறவைப் போட்டி வைக்கிறாங்களே, மூணு நாள் கறந்து எடை போட்டு. எதுக்கு வைக்கிறாங்க?"

"எந்த மாடு எவ்ளோ கொடுக்கும்னு பாக்க."

"தினம் அவ்ளோ கொடுக்குமா?"

"எப்படிக் கொடுக்கும்? அதுக்குன்னு தீனி, அதுக்குன்னு விசிறி, பாட்டுகூடப் போட்டுவிடுவோம். அந்த மூணு நாளைக்குத்தான். அதால எவ்ளோ முடியும்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். குவளையை இன்னொரு தரம் பார்த்தார். "ஓ," என்றார்.

அப்புறம் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

"எவ்ளோல தோத்த?"

"அரை வினாடிக்கும் கம்மி."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தன்னிடம் பித்தாங்கா என்று ஒரு பசு இருந்ததாக அப்புறம் சொன்னார். பதினெட்டு வருஷத்துக்கு முன்பு கறவைப் போட்டியில் இரண்டாவதாக வந்தது. முன்னூறு கிராம் வித்தியாசம். கடைசிக் கறவைக்கு முன்னால் நகரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கொட்டிலுக்குள் நுழைந்து குழந்தைக்கு மாட்டைக் காட்டி விளையாடியது. பசு மிரண்டுவிட்டது. அவர்களை உள்ளே விட்டிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் குளிக்கும்போது நினைத்துக்கொள்வாராம்.

"முன்னூறு கிராம்," என்றார் மறுபடி. "ஒரு டம்ளர் பால்."

"எனக்கு ஒன்றரை லிட்டர் நைட்ரஜன்," என்றாள் மார்லூசியா.

அதைச் சொன்ன பிறகுதான் நிவால்டோ அங்கே நிற்கிறான் என்ற நினைவு வந்தது. அவனிடம் அதைச் சொல்லக்கூடாது என்று இருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பாலாடைக்கட்டியை அவிழ்த்து, கத்தி எடுத்துவரச் சமையலறைக்குள் போனான். திரும்பி வந்து அவளுக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தான். போட்டி மூடுகிற நேரம் வந்தபோது மூவரும் கொய்யாப்பழ அல்வாவும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டு, காளையைப் பாம்பு கடித்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எசெக்கியேல் முதலாவது, அவள் இரண்டாவது. பட்டியல் அப்படியே மூடியது.

மறுநாள் காலை அவள் எசெக்கியேலுக்கு எழுதினாள், மைனஸ் நூற்றி முப்பது என்று. அவன் நம்பவில்லை. தன் பிராசஸரில் முயன்று பார்த்துவிட்டு, என்னுடையதுக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை, உன்னுடையது ஒரு தனிப்பிறவி, என்று எழுதினான். அதே நாள் கூட்டுறவுச் சங்கத்து ஆய்வுக்கூடத்தில் ஒரு குச்சியை உருக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். விந்தணுக்கள் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன. அன்செல்மோ கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அடுத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்லித்தான் அவரை நகர்த்த வேண்டியிருந்ததாம்.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. அன்செல்மோ புதுக் குடுவை வாங்கிக் குச்சிகளைக் கொண்டுபோனார். சின்னக் குடுவை மறுபடி காலியாகி, மறுபடி நிரம்பியது. சனிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் நிவால்டோ கேட்காமலேயே அதைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். போட்டி முடிந்துபோனதே, வீண் செலவு எதற்கு என்றாள் அவள். அவன் பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டே இருந்தான்.

இந்த முறை அவள் கவிழ்க்கவில்லை. ஒரு வாய் ஊற்றுவாள், நிறுத்துவாள், தெர்மாமீட்டரைப் பார்ப்பாள். நூற்றி முப்பதைவிட்டு இறங்கவும் விடவில்லை, ஏறவும் விடவில்லை. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற மாதிரி இருந்தது. நிவால்டோ மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அன்செல்மோவும் இருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. துவைத்த தொப்பியோடு சரியான நேரத்துக்கு வந்து, தன் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரி ஏதோ கேட்டபோது, சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டியவரும் அவர்தான்.

முதல் ஓட்டத்திலேயே எசெக்கியேலின் எண்ணைத் தாண்டினாள். வேகத்தை ஒரு படி கூட்டினாள், அதுவும் முடிந்தது. மூன்றாவது படியில் உறைந்தது. பிராசஸரின் எல்லை அதுதான் என்று கை சொன்னது. அதற்கு மேல் அதை வாட்ட அவளுக்கு மனமில்லை. எண்ணைப் பொதுப் பட்டியலில் பதிந்தாள். உலகம் முழுவதற்குமான பட்டியல் அது, மாதமும் கிடையாது, பரிசும் கிடையாது. அந்த ரகத்தில் அவள் பெயர் மேலே போய் நின்றது. மேலே என்றால் அதற்கு மேல் எதுவும் இல்லை. அவள் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். அங்கேயேதான் இருந்தது.

"ஜெயிச்சிட்டியா?" என்றார் அன்செல்மோ.

"போட்டி போன வாரமே முடிஞ்சிடுச்சு ஐயா."

"அதை விடு. தராசு என்ன சொல்லுது?"

"தராசு நான்தான்னு சொல்லுது."

"அப்புறம் என்ன," என்று எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார்.

நிவால்டோ அவள் தோளில் கை வைத்து நின்றான். நைட்ரஜனுக்கு வாடை கிடையாது, கையில் மாட்டு வாடைதான் இருந்தது. அவள் கண்ணில் நீர் கோத்தது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாகத் தாழ்வாரம் முழுக்கப் புகை இருந்தது. எசெக்கியேலிடமிருந்து ஒற்றை வரி வந்தது, என் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திற, ஒரு பல்லாவது பிடுங்குகிறேன் என்று. அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து அன்செல்மோ, யார் அது என்று கேட்டார். போட்டியில் எனக்குப் பக்கத்துக் கொட்டில்காரர் என்றாள்.

குவளை சூடேறும்வரை காத்திருந்து கழற்றி, போர்டைத் துடைத்து, முடி உலர்த்துகிற மெஷினால் ஈரம் போக்கிக்கொண்டிருந்தபோது வாசல் கேட்டில் யாரோ கைதட்டிக் கூப்பிட்டார்கள். ரொட்டிக்கடை ஜுசாராதான். கடைக் கம்ப்யூட்டர் மறுபடி படுத்துவிட்டது, திங்கட்கிழமைக்குள் வேண்டும், இந்தத் தடவை வாட்டாமல் கொடு என்று கேட்டிலிருந்தே கெஞ்சினாள். மார்லூசியா கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள். மெஷினை வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டு, இதற்குள் எவ்வளவு மாவு இருக்கிறதோ என்றாள். செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றாள்.